ஹாலி ஸ்டில்வெல்லின் பின்பாதி: ஒரு பண்ணைப் பெண்ணின் நீண்ட வாழ்வு நினைவுகூரப்படும் விதம்

ஹாலி கிராஃபோர்ட் ஸ்டில்வெல் 1897 அக்டோபர் 20 அன்று டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் பிறந்தார். 1997 ஆகஸ்ட் 18 அன்று இறந்தார். நூறு வயது நிறைய இரண்டு மாதமே மிச்சம் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் பள்ளி ஆசிரியை, மாட்டுப் பண்ணை உரிமையாளரின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய், பத்திரிகைப் பத்தியாளர், நூலாசிரியர், உள்ளூர் நீதிபதி, கடைக்காரர் எனப் பல வேலைகளைச் செய்தார். மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிக் பெண்ட் பகுதியில் இன்றும் அவர் பெயர் ஒரு காவியப் பெயர். ஆனால் அந்தக் காவியத்தில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே காட்சிகள்: இடுப்பில் கைத்துப்பாக்கியோடு பள்ளிக்குப் போகும் இளம் ஆசிரியை, ஒற்றை அறைக் குடிலுக்கு வந்து சேரும் மணப்பெண். இரண்டும் நடந்தபோது அவருக்கு 21 வயதுகூட ஆகவில்லை.

இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி எளியது. 1918இல் மணமானவர் 1948இல் கணவரை இழந்தார். மனைவியாக வாழ்ந்தது 30 ஆண்டு. அதன்பின் தன் பொறுப்பில் வாழ்ந்தது 49 ஆண்டு. நீளமான பாதி ஏன் நினைவில் சுருங்கியது? அவரே எழுதியதனாலா, சட்டமும் கணக்கெடுப்பும் பெண்ணைப் பார்த்த முறையாலா, கேட்பவர்களின் ருசியாலா?

முன்னோர் வரைந்த இரு சித்திரங்கள்

அமெரிக்க மேற்கின் பெண்கள் பற்றிய பொதுப் புரிதல் நெடுங்காலம் ஒரு சில அச்சுகளுக்குள் அடங்கியே இருந்தது. டீ பிரவுன் 1958இல் வெளியிட்ட நூல், கரடுமுரடான மேற்கை மென்மையாக்க வந்தவர்களாகப் பெண்களைச் சித்திரித்துப் பெருவாசகர்களை எட்டியது. 1980இல் ஜோன் ஜென்சனும் டார்லிஸ் மில்லரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அந்தப் பார்வையை உடைத்துப் பார்த்தது. எழுத்தில் தொடர்ந்து வரும் பெண் அச்சுகளை அவர்கள் வகைப்படுத்தினார்கள். நாகரிகம் கொண்டு வருபவள், வெயில் தொப்பியணிந்து கணவனுக்குத் தோள் கொடுக்கும் துணைவி, ஆண் உடையில் அட்டகாசம் செய்பவள், ஒழுக்கம் தவறியவள் என்ற இந்த வகைகளுக்குள் உண்மைப் பெண்கள் அடங்க மாட்டார்கள் என்பதும், வெள்ளையர் அல்லாத பெண்கள் இவற்றில் இடமே பெறுவதில்லை என்பதும் அவர்கள் வாதம். ஹாலியைப் பற்றிய நினைவு இந்த வகைகளில் இரண்டுக்கு நடுவே ஊசலாடுவதை நாம் பார்க்கலாம். குடிலுக்கு வந்த மணப்பெண் துணைவி. துப்பாக்கி ஏந்திய ஆசிரியை அட்டகாசக்காரி. பின்பாதி வாழ்க்கைக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

சான்றுகளின் தன்மையும் இதற்குக் காரணம். பண்ணைப் பெண்கள் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, எழுத வாய்த்த சிலரின் நூல்களிலிருந்து வருகிறது. மொன்டானாவில் வாழ்ந்த நானி ஆல்டர்சனின் நினைவுகளை ஹெலினா ஹன்டிங்டன் ஸ்மித் எழுத்தாக்கி 1942இல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே மணப்பெண் இருக்கிறாள். நியூ மெக்சிகோவின் ஆக்னஸ் மோர்லி கிளீவ்லண்ட் தன் பண்ணைச் சிறுவயதை 1941இல் நூலாக்கினார். இந்த நூல்கள் அருமையானவை. அவற்றின் கண் பெரும்பாலும் இளமையின் மீதே நிலைக்கிறது என்பதும் உண்மை.

எழுதியதெல்லாம் நடந்ததுதானா என்பது அடுத்த சிக்கல். வயோமிங்கில் குடியேறிய எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட்டின் கடிதங்கள் 1914இல் நூலாயின. ஒரு பெண் தனியாக அரசு நிலம் பெற்று வாழ முடியும் என்பதற்கு அவை நெடுநாள் சான்றாகக் காட்டப்பட்டன. ஆனால் நில ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். 1909இல் நிலத்துக்கு விண்ணப்பித்த கையோடு பக்கத்து நிலக்காரரை அவர் மணந்துகொண்டார். பின்னர் தன் நில உரிமையையும் மாமியாருக்கு விட்டுக்கொடுத்தார். கடிதங்கள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. தன் வாழ்வு எந்த வடிவில் நினைக்கப்பட வேண்டும் என்பதை எழுதுபவரே தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் பொருள். ஹாலியைப் படிக்கும்போதும் இந்த எச்சரிக்கை நமக்கு வேண்டும்.

மறுபுறம் ஈவ்லின் கேமரன். இங்கிலாந்திலிருந்து மொன்டானாவின் டெரி ஊருக்கு வந்து பண்ணை நடத்திய இவர், தோட்டம், கறவை, சமையல், கன்றுகளுக்குச் சூடு போடுதல் ஆகியவற்றுக்கு நடுவே ஒளிப்படம் எடுத்தார். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதினார். 1928இல் அவர் இறந்தபின் கண்ணாடித் தகடுகளும் குறிப்பேடுகளும் ஒரு தோழியின் வீட்டு நிலவறையில் அரை நூற்றாண்டு கிடந்தன. டோனா லூசி அவற்றைத் தேடி எடுத்து 1990இல் நூலாக்கியிராவிட்டால் ‘ஒரு பறவையியலாளரின் மனைவி’ என்ற குறிப்போடு அவர் மறைந்திருப்பார். கேமரனின் நாட்குறிப்பில் துணி துவைத்ததும் படம் கழுவியதும் ஒரே வரிசையில் வருகின்றன. படைப்பு ஒரு பக்கம், வீட்டு வேலை ஒரு பக்கம் என்ற பிரிவு அவரிடம் இல்லை. நாம்தான் பின்னால் வந்து பிரிக்கிறோம்.

துப்பாக்கியும் அது இருந்த இடமும்

ஹாலியின் குடும்பம் 1910இல் கூண்டு வண்டியில் மேற்கு டெக்சஸின் அல்பைன் ஊருக்கு வந்து சேர்ந்தது. 1916இல் பள்ளிப் படிப்பை முடித்ததும் எல்லையோர ஊரான பிரசிடியோவில் ஆசிரியை வேலை கிடைத்தது. எல்லையாக ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவின் ஓஹினாகா. மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் படை 1914 ஜனவரியில் பிடித்த ஊர் அது. வீண் அலைச்சல் என்று தந்தை தடுத்தார், மகள் கேட்கவில்லை. காட்டு வாத்தை விரட்டும் வேலை என்று தந்தை சொன்னதற்கு, தன் வாத்துகளைத் தானே சேர்த்துக்கொள்வதாக மகள் சொன்ன பதில்தான் பிற்காலத்தில் அவருடைய நூலுக்குத் தலைப்பானது. பள்ளிக்குப் போகையில் அவர் கைத்துப்பாக்கி வைத்திருந்தது உண்மை.

அந்த உண்மையை அது நிகழ்ந்த எல்லையிலிருந்து பிரித்தெடுத்துச் சொல்வதுதான் தவறு. 1916 மே 5 அன்று பிக் பெண்டின் கிளென் ஸ்பிரிங்ஸ் குடியிருப்பு எல்லை தாண்டி வந்தவர்களால் தாக்கப்பட்டது. படைவீரர்களோடு ஒரு சிறுவனும் கொல்லப்பட்டான். 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரைட் பண்ணை தாக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்குவதாக 1918 ஜனவரி 28 அதிகாலையில் மாநிலக் காவல் படையினரான டெக்சஸ் ரேஞ்சர்களும் உள்ளூர்ப் பண்ணைக்காரர்களும் போர்வெனிர் என்ற சிற்றூருக்குள் புகுந்து, மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த 15 ஆண்களையும் சிறுவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். எஞ்சியவர்கள் ஆற்றைக் கடந்து ஓடினார்கள்; ஊரே இல்லாமல் போனது. அதுவும் பிரசிடியோ மாவட்டத்தில்தான். 1919இல் சட்டமன்ற உறுப்பினர் ஹோசே டோமாஸ் கனாலெஸ் ரேஞ்சர்கள் மீது விசாரணை கோரினார்.

ஹாலி மணம் முடித்தது 1918 ஜூலையில், போர்வெனிர் நிகழ்ந்து ஆறே மாதத்தில். அந்த வன்முறையில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் துப்பாக்கி ஏந்திய ஆசிரியையின் கதையைச் சொல்லிச் சிரித்து மகிழும் மேடைப் பேச்சுகளில் பயம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருந்ததாகத் தோன்றுகிறது. அக்காலத்தில் அப்பகுதியில் மிகுதியும் அஞ்சி வாழ்ந்தவர்கள் அவர் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் போன்றோரின் பெற்றோர்கள். ஹாலியை மதிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பின்னணியைச் சேர்த்துச் சொன்னால் அவர் சிறுத்துவிட மாட்டார். அந்த எல்லைதான் தெளிவாகும்.

முப்பது ஆண்டுகள்

ராய் ஸ்டில்வெல் அவரைவிட ஏறக்குறைய 20 வயது மூத்தவர். பெற்றோர் சம்மதத்துக்குக் காத்திராமல் இருவரும் மணந்துகொண்டார்கள். மாரத்தான் ஊருக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த பண்ணையில் ஒற்றை அறைக் குடில். அதில் அதுவரை ராயுடன் தங்கியிருந்த மூன்று வேலையாட்கள் புது மனைவிக்காகக் கொட்டகைக்கு இடம் மாறினார்கள். பள்ளிக்கூடத்து அம்மா ஆறு மாதம் தாங்க மாட்டார் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

தனியே விட்டுப்போவது ஆபத்து என்று ராய் அவரையும் மாடு ஓட்டக் கூட்டிக்கொண்டு போனார். பாதுகாப்புக்காகத் தொடங்கியது தொழிலாயிற்று. ஆண் உடை, நாள் முழுதும் குதிரை மேல் உழைப்பு, கன்று பிடித்தல், சூடு போடுதல் என ஆண்கள் செய்த அனைத்தையும் கற்றார். பின்னர் இரண்டு மகன்களும் ஒரு மகளும் பிறந்தார்கள். பண்ணை இருந்த பிரூஸ்டர், டெக்சஸிலேயே பரப்பில் பெரிய மாவட்டம். ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர். சிவாவா பாலைநிலத்தின் வடபகுதியான அங்கே ஒரு மாட்டுக்கே பல ஏக்கர் மேய்ச்சல் வேண்டும். தண்ணீர் எங்கே ஊறுகிறது, எந்தச் சரிவில் மழைக்குப் பின் புல் முதலில் தலைகாட்டும் என்ற அறிவுதான் அங்கே முதலீடு. குதிரை மேல் கழித்த அந்த ஆண்டுகளில் ஹாலி சேர்த்தது இந்த அறிவை. அவருடைய எழுத்துக்கும் அதுவே ஊற்று என்பது என் கருத்து.

1948இல் வண்டி கவிழ்ந்த விபத்தில் ராய் இறந்தார். ஹாலிக்கு வயது 50.

நாற்பத்தொன்பது ஆண்டுகள்

அடுத்த இரண்டே ஆண்டில் வறட்சி தொடங்கியது. 1950 முதல் 1957 வரை நீண்ட அந்த வறட்சியை டெக்சஸின் பண்ணைக் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. எல்மர் கெல்டன் அதை வைத்து எழுதிய நாவல் 1973இல் வந்தது. வறட்சி முடிந்தபோது மாநிலத்தின் 254 மாவட்டங்களில் 244 பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்தன. புல் காய்ந்த நிலங்களில் எரிவாயுக் குழல்களால் சப்பாத்திக்கள்ளியின் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போட்டார்கள். மந்தையை விற்றுத் தீர்த்து நகரத்துக்குப் போனவர்கள் ஏராளம். கைம்பெண் ஒருவர் பிள்ளைகளோடு சேர்ந்து அந்த ஏழு ஆண்டுகளில் நிலத்தைக் கைவிடாமல் வைத்திருந்தார் என்பது, ஆறு மாதக் கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்த பதிலைவிடப் பெரிய செய்தி. மேடைகளில் அது அரிதாகவே சொல்லப்படுகிறது. சொல்வதற்குத் துப்பாக்கி இல்லை; கடனும் தீவனமும் காத்திருப்பும்தான் இருக்கின்றன.

எழுத்தும் இக்காலத்தில்தான் விரிந்தது. அல்பைனின் வார இதழான அவலாஞ்சில் ‘பண்ணைச் செய்திகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் பத்தி வந்தது. எங்கே மழை பெய்தது, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த மாடு ஈன்றது, யார் காலமானார் என்பவைதான் அதன் பொருள். இத்தகைய பத்திகளை வரலாற்றாளர்கள் நெடுங்காலம் ஊர்வம்பு என்று ஒதுக்கினார்கள். அது பெரிய இழப்பு. அண்டை வீடு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் ஒரு சமூகம் தன்னைச் சமூகமாக அறிந்துகொண்டதே இந்தப் பத்தி வழியாகத்தான். எதைச் செய்தி என்று தேர்ந்தெடுப்பது, எத்தனை வரி கொடுப்பது, துக்கத்தை எந்தத் தொனியில் சொல்வது என்பவை எழுத்தாளரின் முடிவுகள். ஹாலி அவற்றைப் பல ஆண்டுகள் எடுத்துவந்தார்.

1958இல், டீ பிரவுனின் நூல் வந்த அதே ஆண்டில், வர்ஜீனியா மேடிசனோடு சேர்ந்து பிக் பெண்டின் ஊர்ப்பெயர்களும் மலைப்பெயர்களும் எப்படி வந்தன என்று ஹாலி ஒரு நூல் வெளியிட்டார். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடு அது. பெண்கள் மேற்கை மென்மையாக்கினார்கள் என்று ஒரு நூல் சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டு பெண்கள் அந்த மேற்கின் ஓடை, கணவாய், மேடு ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியிருந்தார்கள். ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கலந்து வழங்கிய பெயர்களின் கதைகளைக் கிழவர்களிடம் கேட்டுச் சேர்ப்பதற்கு ஆவணக் காப்பகம் போதாது. நிலத்தில் நடந்திருக்க வேண்டும், அடுப்படியிலும் திண்ணையிலும் உட்கார்ந்து பேச்சுக் கேட்டிருக்க வேண்டும். 1944இல் பிக் பெண்ட் தேசியப் பூங்கா உருவாகிப் பல பழைய பண்ணைக் குடும்பங்கள் வெளியேறிய பின் இந்தத் தொகுப்பு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் சொன்னவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாலியின் படைப்புகளில் மிக முக்கியமானது எது என்று கேட்டால் நான் தன்வரலாற்றைச் சொல்ல மாட்டேன், இந்த நூலைத்தான் சொல்வேன்.

1964இல் அவர் பிரூஸ்டர் மாவட்டத்தின் ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ பதவி ஏற்றுச் சுமார் 15 ஆண்டுகள் வகித்தார். சிறு வழக்குகளை விசாரிப்பது, திருமணம் செய்துவைப்பது, சந்தேக மரணங்களில் நேரில் சென்று விசாரித்து மரணக் காரணத்தைப் பதிவது எல்லாம் அந்தப் பதவியின் வேலை. டெக்சஸில் பெண்கள் நடுவர் குழுவில் அமரவே 1954 வரை அனுமதி இல்லை. வாக்காளர்கள் அந்தத் தடையை நீக்கிப் பத்தே ஆண்டில், அறுபத்தாறு வயதில், ஹாலி நீதிபதி இருக்கைக்கே வந்தார்.

1967 அக்டோபரில் பாழடைந்த பாதரசச் சுரங்க ஊரான டெர்லிங்குவாவில், மாட்டிறைச்சியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சும் ‘சில்லி’ சமையல் போட்டி முதன்முதலாக நடந்தபோது மூன்று நடுவர்களில் ஒருவர் இவர். டெக்சஸ்காரரான விக் ஃபவுலருக்கும் நியூயார்க்கிலிருந்து வந்த நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித்துக்கும் போட்டி. அது சமனில் முடிந்தது. ஹாலியின் வாக்கு ஸ்மித்துக்கு, அதாவது வெளியூர்க்காரருக்கு. சொந்த மாநிலத்தாரின் கூட்டத்துக்கு நடுவே நின்று நாக்குக்கு உண்மையாக நடந்துகொண்டார். இந்தப் போட்டிதான் அவரைத் தேசிய அளவில் அறிமுகப்படுத்தியது. 1969இல் பிக் பெண்ட் பூங்காவின் வடக்கு நுழைவாயிலுக்கு அருகே பண்ணை நிலத்திலேயே கடையும் வண்டிப் பயணிகள் தங்கும் இடமும் தொடங்கப்பட்டன. மாடு மட்டும் போதாத காலத்தில் நிலம் கைமாறாதிருக்க இது வழி செய்தது.

கணக்கில் வராதவர்கள்

ஹாலி ஒருவரின் நினைவு மட்டும் இப்படிக் குறுகவில்லை; அரசின் ஏடுகளே அப்படித்தான் இருந்தன. அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பு, பண்ணை நடத்துபவர் ஆணா பெண்ணா என்று 1978இல்தான் முதலில் கேட்டது. ஒரு பண்ணைக்கு ஒருவரை மட்டுமே பதியும் வழக்கம் 2002இல்தான் தளர்ந்தது. 2017இல் நான்கு பேர் வரை பெயர் தரலாம் என்றும், முடிவெடுப்பதில் யார் யாருக்குப் பங்கு என்றும் கேள்விகள் மாற்றப்பட்டபோது, பெண்களின் எண்ணிக்கை முந்தைய 2012 கணக்கைவிட 27 சதவீதம் உயர்ந்து சுமார் 12 லட்சத்தை எட்டியது. மொத்தத்தில் 36 சதவீதம். ஐந்தாண்டில் லட்சக்கணக்கான பெண்கள் திடீரெனப் பண்ணைக்கு வந்துவிடவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

வரிச்சட்டமும் இதே கண்ணோடு பார்த்தது. கணவர் இறந்தால் கூட்டுச் சொத்து முழுவதும் அவருடையதே என்று கூட்டாட்சி வாரிசு வரிச் சட்டம் கொண்டது. பணமாகத் தான் போட்டதை மனைவி நிரூபித்தாலொழிய விலக்கு இல்லை. கறந்த பாலும் வளர்த்த கன்றும் நிரூபணமாகா. 1970களில் பண்ணைப் பெண்கள் இதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 1976 சட்டம் ஓரளவு தணித்தது, 1981 சட்டம் கணவன் மனைவிக்கிடையே இந்த வரியை நீக்கியது. டெக்சஸில் நிலை சற்று வேறு. அங்கே மணவாழ்வில் சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பாதி உண்டு. ஆனால் அந்தப் பொதுச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை, 1967இல் சட்டம் திருத்தப்படும்வரை, பெருமளவு கணவரிடமே இருந்தது. ஆகவே ஹாலியின் 30 ஆண்டு மணவாழ்வில், குதிரை மேல் அவர் செய்த வேலை எவ்வளவாக இருந்தாலும், ஏட்டில் அவர் பண்ணைக்காரரின் மனைவிதான்.

நூல் நின்ற இடம்

ஹாலியின் தன்வரலாறு 1991இல், அவருக்கு 94 வயது நிறைந்த ஆண்டில், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. மறு ஆண்டு பசுமேய்ப்புப் பெண்களுக்கான தேசியப் புகழ்க் கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நூல் ராயின் மரணத்தோடு முடிகிறது. எலினோர் ஸ்டூவர்ட் போலவே ஹாலியும் தன் வாழ்வுக்கு ஒரு வடிவம் தேர்ந்தெடுத்தார். அது காதலும் குடும்பமும் சேர்ந்த முப்பதாண்டு வடிவம். அவர் அதை விரும்பித் தேர்ந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணவரை நேசித்த ஒரு பெண் அவர் கதையோடு நூலை முடிப்பது இயல்பே. அந்த நேசத்தை வலிந்து அரசியலாக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் விளைவை மறைக்க முடியாது. பெட்டி ஹீத்தின் துணையோடு அமைந்த தொடர்ச்சி நூல் 2004இல்தான் வெளிவந்தது. ஹாலி இறந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. அதற்குள் இரங்கல் குறிப்புகள் எழுதப்பட்டுவிட்டன, காவியம் உறைந்துவிட்டது. முதல் நூலைப் படித்தவர்கள் அனைவரும் இரண்டாவதைத் தேடிப் போவதில்லை. வறட்சி, நீதிமன்றம், கடை, பெயர்த் தொகுப்பு ஆகியவை இன்றும் ‘பிறகு அவர் இவற்றையும் செய்தார்’ என்ற பின்னிணைப்பாகவே வருகின்றன.

ஆக, நாம் தொடங்கிய கேள்விக்கு விடை மூன்றில் ஒன்று இல்லை. சட்டமும் கணக்கெடுப்பும் அவரை மனைவி என்றே பதிந்தன. கேட்பவர்கள் துப்பாக்கியைக் கேட்டார்கள். அவரும் ராயோடு வாழ்ந்த காலத்தையே முதலில் நூலாக்கினார். மூன்றும் ஒரே திசையில் இழுத்தன. எதிர்த்திசையில் இழுக்கும் சான்று ஒன்று உண்டு. அது வாராவாரம் வந்த அந்தப் பத்தி. தன்வரலாறு முதுமையில் திரும்பிப் பார்த்து எழுதியது. பத்தியோ அடுத்த மழை வருமா என்று தெரியாத நிலையில் எழுதியது. ஹாலியின் பின்பாதியை எழுத விரும்பும் ஆய்வாளர் தொடங்க வேண்டிய இடம் அவலாஞ்ச் இதழின் பழைய தொகுதிகள். அவற்றோடு அவர் பதவிக்கால நீதிமன்றப் பதிவேடுகளையும் 1958ஆம் ஆண்டுப் பெயர் நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போர்வெனிரிலிருந்து துரத்தப்பட்டவர்களின் சந்ததியார் பல பத்தாண்டுகள் காத்துவைத்த வாய்மொழிச் சாட்சியங்களையும் அதே மேசையில் வைக்க வேண்டும். ஒரே மண்ணின் நினைவுகள் அவை.